அத்தை கையில் ஓடும் தையல் மிஷின்



இந்தப் பகுதியில் மாமியார் கொடுமை பற்றியும் மருமகள் கொடுமை பற்றியும் எத்தனையோ கடிதம் படித்தாயிற்று. நான் எழுதுவதும் ஒரு மாமியார் விஷயம்தான். ஆனால் இது என் மாமியாரின் இடது கையைப் பற்றியது. படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ, ரத்தக் கொதிப்போ, சிறுநீரகக் கோளாறோ இருந்தால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நான் பிளஸ் டூவோடு நின்றவள். டாக்டர்களும் சிஸ்டர்களும் சொல்லிக் கேட்டதையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி பதினாலு வருஷம். மந்தைவெளியில் ஒரு போர்ஷனில் குடியிருக்கிறோம். கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். அத்தையும் நானும் சண்டைக்காரிகள் இல்லை, ஆனால் ஒட்டுதலும் கிடையாது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், 'இந்தாம்மா'தான். வளைகாப்பு அன்று என் கையைப் பிடித்து வளையல் அடுக்கினார். அதற்குப் பிறகு அவர் கை என் கை மேல் பட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அத்தைக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. 2021-ல் கிரியாட்டினின் ஏற ஆரம்பித்தது. "எப்படியும் டயாலிசிஸ் வரைக்கும் போகும். இப்பவே கையில் ஃபிஸ்டுலா போட்டு வச்சுக்குங்க, அது பக்குவப்பட ரெண்டு மாசம் ஆகும்" என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நாங்கள் என்ன செய்தோம்? ஆடி போகட்டும் என்றோம். தீபாவளி போகட்டும் என்றோம். இன்னும் டயாலிசிஸே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் எதற்குக் கையைக் கிழிக்க வேண்டும் என்று மாமா சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அந்த மார்கழியில் ஒரு நாள் ராத்திரி அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, உடனே டயாலிசிஸ் என்றார்கள். கையில் எதுவும் தயாராக இல்லாததால் கழுத்தில் ஓட்டை போட்டு, பெரிய ரத்தக் குழாய்க்குள் ஒரு ட்யூப் இறக்கினார்கள். அதைத்தான் எல்லோரும் 'கழுத்து லைன்' என்கிறார்கள். காதுக்குக் கீழே இரண்டு வால் மாதிரி தொங்கும். ஒன்று சிவப்பு மூடி, இன்னொன்று நீல மூடி. சிவப்பு வழியாக ரத்தம் மிஷினுக்குப் போய், சுத்தமாகி, நீல வழியாகத் திரும்பி வரும்.

அந்த லைன் அவசரத்துக்குத்தான், சில நாட்களுக்குத்தான் என்று சொன்னார்கள். நனையவே கூடாது, தலைக்குக் குளிக்கவே கூடாது என்றும் சொன்னார்கள். அத்தையோ வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் விளக்கேற்றியதே இல்லை. நான் மாடியில் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு விட்டார். கழுத்துக் கட்டு நனைந்தது. அதன் மேல் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு என்னிடம் மறைத்து விட்டார்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் ஆரம்பித்து அரைமணி நேரத்தில் அத்தைக்கு உடம்பு தூக்கிப் போட்டது. நாலு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. மிஷினில் மாட்டியவுடன் குளிரும் காய்ச்சலும் வந்தால் லைனில் கிருமி புகுந்து விட்டது என்று சந்தேகப்பட வேண்டுமாம். லைன் நேராக இருதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது இல்லையா, அதனால் அதில் ஏறும் கிருமி ரத்தம் முழுவதும் பரவி விடும். அந்த லைனை எடுத்தார்கள். பத்து நாளுக்கு மேல் ஆன்டிபயாடிக் ஓடியது. நடுவில் தொடையில் தற்காலிகமாக ஒரு லைன். பிறகு தோலுக்கடியில் சுரங்கம் மாதிரி கொண்டு வந்து மார்பில் வெளியே விடும் நீண்ட நாள் லைன். இதற்குப் பெயர் பெர்ம்கேத். கழுத்து லைனை விட இது பாதுகாப்பானது. ஆனால் கிருமி பயம் இதிலும் உண்டு.

பெர்ம்கேத்துடன் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்த வேலை, குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியதுதான். அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

2022 பிப்ரவரியில் சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், ரத்தக்குழாய் ஆபரேஷன் பிரிவில் இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டார்கள். அதற்கு முன்னால் வளையல் பிரச்னை. அத்தையின் இடது கையில் இரண்டு தங்க வளையல், கல்யாணத்தில் போட்டது. கை வீங்கியிருந்ததால் சோப்பு, எண்ணெய் எதற்கும் கழலவில்லை. மாமா நன்றாக இருக்கும்போது வளையலை வெட்டுவதா என்று ஒரே அழுகை. கடைசியில் வடக்கு மாட வீதிப் பக்கம் ஓர் ஆசாரியிடம் கூட்டிப் போய் வெட்டி எடுத்தோம். ஃபிஸ்டுலா உள்ள கையில் வளையல், வாட்ச், இறுக்கமான ரவிக்கைக் கை எதுவும் கூடாது. வலது கையில் இருந்த கண்ணாடி வளையல் தப்பித்தது.

ஃபிஸ்டுலா என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். மிஷினுக்கு நிமிஷத்துக்குக் கால் லிட்டருக்கு மேல் ரத்தம் வேண்டும். நாம் நரம்பு என்று சொல்லி ஊசி போடுகிறோமே, அது நரம்பு இல்லை, சிரை. அதில் இவ்வளவு ரத்தம் வராது. வேகமாக ரத்தம் ஓடும் தமனியோ உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அதனால் மணிக்கட்டில் இரண்டையும் சேர்த்துத் தைத்து விடுகிறார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாய, கொஞ்சம் கொஞ்சமாக அது கயிறு மாதிரி தடிக்கிறது. அதற்குத்தான் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். தையல் ஆறியதும் ரப்பர் பந்தை அழுத்தி அழுத்திப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். என் பையனின் பந்துதான் அத்தைக்குப் போனது.

இந்த வித்தையைக் கண்டுபிடித்த கதையை அந்தப் பையன்தான் போனில் பார்த்துப் படித்துக் காட்டினான். டயாலிசிஸ் மிஷினை 1943-லேயே ஹாலந்தில் கோல்ஃப் என்ற டாக்டர் செய்து விட்டாராம். ஆனால் ஒவ்வொரு முறையும் ரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டும். கொஞ்ச நாளில் வெட்டுவதற்கு இடமே இருக்காது! 1960-ல் அமெரிக்காவில் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிரந்தரமாக வைத்து விடும் வழியைக் கண்டுபிடித்தார். நம் நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான். முதன்முதலாக அதைப் போட்டுக்கொண்ட க்ளைட் ஷீல்ட்ஸ் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். பிறகு 1966-ல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ என்ற டாக்டர்களும் அப்பெல் என்ற சர்ஜனும், வெளிக்குழாயே வேண்டாம், அவரவர் ரத்தக் குழாயையே இணைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார்கள். இன்றைக்கு வரைக்கும் முடிந்தவர்களுக்கெல்லாம் முதலில் சொல்வது அதைத்தான். சொந்தக் குழாய் என்பதால் கிருமியும் குறைவு, அடைப்பும் குறைவு.

டிரஸ்ட் ஒன்று நடத்தும் சென்டரில், அடையாறு பக்கம், வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று அத்தை எவ்வளவோ கேட்டுப் பார்த்தார், வேறு நாள் காலி இல்லை. நாலு மணி நேரம் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அங்கே பழகியவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தெப்பக்குளம் பக்கத்தில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா. அவருக்கு ஃபிஸ்டுலா நன்றாக வேலை செய்தது, ஆனால் விரல் எல்லாம் ஐஸ் மாதிரி சில்லிட்டு மரத்துப் போய்விடும். கைக்குப் போக வேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலாவே இழுத்துக்கொண்டு விடுவதால் அப்படி ஆகுமாம். நார் பிடிக்க முடியாமல் நாலு மாசம் தொழிலே போயிற்று. பிறகு ஃபிஸ்டுலாவைக் கொஞ்சம் சுருக்கித் தைத்தார்கள். இப்போது கட்டுகிறார், ஆனால் முன்போல வேகம் இல்லை. ஓர் ஆட்டோக்காரருக்குக் கையில் எலுமிச்சம்பழம் மாதிரி இரண்டு புடைப்பு. வலிக்காது என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி குத்தச் சொன்னதன் பலன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஒரு பெரியவருக்குச் சிரை மெல்லிசு, ஃபிஸ்டுலா இரண்டு முறை பக்குவப்படவே இல்லை. அவருக்கு கிராஃப்ட் என்று ஒரு செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்திலேயே ஊசி போடலாம். ஆனால் அடைத்துக்கொள்வதும் கிருமி வருவதும் ஃபிஸ்டுலாவை விட அதிகம். இன்னொருவருக்குக் காலர் எலும்புக்குக் கீழே முன்னொரு காலத்தில் போட்ட லைன், உள்ளே குழாயைச் சுருக்கி விட்டுப் போய், இப்போது கை முழுவதும் வீங்கிக் கிடக்கிறது.

இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி தி.நகரிலிருந்து வருவாள். எந்த வெயிலிலும் முழுக்கை சுடிதார்தான். கையில் தடித்து ஓடும் குழாயை யாரும் பார்த்து விடக்கூடாதாம், தங்கைக்கு வரன் பார்க்கிறார்களாம். அவளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் டப்பாவில் இருந்த இட்லியில் ஒன்றைக் கொடுத்தேன்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்தால் ஒரு குறுகுறுப்பு தெரிய வேண்டும். ஓடுகிற தையல் மிஷின் பலகை மேல் கை வைத்தால் எப்படி இருக்கும்? அதே மாதிரி. காதை வைத்தால் 'ஸ்ஸ்... ஸ்ஸ்...' என்று சத்தம் கேட்கும். தினமும் காலையும் இரவும் தொட்டுப் பார்க்க வேண்டும், அது நின்றால் உடனே ஓடி வர வேண்டும் என்பது சிஸ்டர் எனக்குப் போட்ட வேலை. அத்தைக்குச் சர்க்கரையால் விரல் நுனியில் உணர்ச்சி குறைவு, அவருக்கே தெரியாது. அப்படித்தான் பன்னிரண்டு வருஷம் தொடாத கையைத் தினம் இரண்டு வேளை தொட ஆரம்பித்தேன். முதலில் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. அவர் சுவரைப் பார்ப்பார், நான் காலண்டரைப் பார்ப்பேன். பிறகு பிறகு, தொட்டுக்கொண்டே இன்றைக்கு என்ன குழம்பு என்று பேசுகிற அளவுக்கு வந்து விட்டோம்.

2023 அக்டோபரில் ஒரு புதன்கிழமை. அத்தை சமையலறையில் திரும்பி நின்று எதையோ மென்றுகொண்டிருந்தார். வடுமாங்காய்! உப்பு ஆகாது, உப்பு சாப்பிட்டால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பார், மறுபடி மூச்சு வாங்கும். நாள் முழுவதும் ஒரு லிட்டருக்குள் தண்ணீரை அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு ஆத்திரம் வந்து விட்டது. "எனக்கென்ன, நீங்களே பாத்துக்குங்க" என்று கத்தி விட்டேன். "நீ ஒண்ணும் பாக்க வேணாம்" என்று அவரும் சொல்லி விட்டார். அன்று காலை கையைத் தொடவில்லை. இரவும் தொடவில்லை.

அன்று மத்தியானம் அத்தைக்கு நாலைந்து தடவை பேதி. தலை சுற்றியது. மாமாதான் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். நான் போகவில்லை, கோபம். அங்கே இருந்த பெண் இடது கையிலேயே பி.பி. கட்டி இருக்கிறாள். "இந்தக் கை வேணாம்மா" என்று அத்தை சொன்னாராம். "ரெண்டு நிமிஷம்தானே" என்றாளாம். ஃபிஸ்டுலா உள்ள கையில் பி.பி. பார்க்கவும் கூடாது, ரத்தம் எடுக்கவும் கூடாது, டிரிப் போடவும் கூடாது. நான் போயிருந்தால் சத்தம் போட்டாவது நிறுத்தியிருப்பேன். வியாழக்கிழமையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே போயிற்று.

வெள்ளிக்கிழமை விடிகாலை அஞ்சு மணி. டயாலிசிஸுக்குக் கிளம்ப வேண்டும். ரவிக்கை போட்டு விடக் கையைப் பிடித்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் கை. காதை வைத்தேன், சத்தம் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கி விட்டது.

நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "எப்போ கடைசியா தொட்டுப் பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "அவ தெனம் பாப்பா டாக்டர். நான்தான் நேத்து கையை மடக்கிப் படுத்துட்டேன்." என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த இடத்தில் பொய் உதவாது என்று மட்டும் தெரிந்தது. "இல்லை டாக்டர். செவ்வாய்க்கிழமை ராத்திரி பாத்தது. அதுக்கப்புறம் பாக்கலை" என்றேன்.

ரத்தம் உறைந்து எவ்வளவு சீக்கிரம் வருகிறோமோ அவ்வளவு நல்லது, ஒரு நாள் இரண்டு நாளுக்குள் என்றால் பலூன் வைத்தோ ஆபரேஷன் செய்தோ எடுக்க வாய்ப்பு அதிகம் என்றார். முயற்சி செய்தார்கள், அத்தைக்குத் திறக்கவில்லை. பேதியில் உடம்பு நீர் வற்றி பி.பி. இறங்கியதாலா, கையை இறுக்கிக் கட்டியதாலா, ஏற்கெனவே உள்ளே சுருக்கம் இருந்ததா, எது காரணம் என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் புதன்கிழமை ராத்திரி நான் தொட்டிருந்தால் ஒன்றரை நாள் முன்னாலேயே வந்திருப்போம்.

மறுபடி பெர்ம்கேத். மறுபடி குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். நவம்பரில் அதே இடது கையில், முழங்கை மடிப்பில் புது ஃபிஸ்டுலா போட்டார்கள். வயிற்றில் ட்யூப் வைத்து வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸுக்கு இந்த ரத்தக் குழாய்த் தொல்லையே இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். அதையும் கேட்டோம். அத்தைக்கு ஏற்கெனவே வயிற்றில் இரண்டு ஆபரேஷன் ஆகியிருப்பதால் சரிப்படாது என்று விட்டார்கள். முடிந்தவர்கள் கேட்டுப் பாருங்கள்.

கை பக்குவப்படுவதற்குள் வந்து சேர்ந்தது மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் போயிற்று. அந்த ஊத்தைத் தண்ணீர் ஒரு சொட்டு மார்புக் கட்டில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரை அரை டம்ளர் அரை டம்ளராகக் கொடுத்தேன். வாழைப்பழம் உள்பட எல்லாப் பழத்தையும் பரண் மேல் ஏற்றினேன். புதன்கிழமை காலை அத்தையின் மார்பைச் சுற்றி புது பாலிதீன் கவரை ஒட்டி, மேலே டவல் சுற்றி, தெரு முனை வரை மீன்பாடி வண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். என் கணவர் முன்னால், நான் பின்னால். அத்தை நடுவில் குடையோடு. "ஊர்வலம் விடறீங்களா என்னை" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்து விட்டது. மெயின் ரோட்டில் ஆட்டோ கிடைத்து, ஒரு நாள் தாமதத்தோடு மிஷினில் படுக்க வைத்தோம். கட்டு நனையவில்லை.

2024 ஜனவரி கடைசியில் புதுக் கையில் ஊசி குத்தினார்கள். முதல் நாள் கொஞ்சம் வெளியே கசிந்து கை நீலம் பாய்ந்தது, பிறகு சரியாகி விட்டது. பிப்ரவரியில் பெர்ம்கேத்தை எடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்த அலுப்பிலும் அத்தை தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் படுத்தார். நானே வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

சகோதரிகள் சிலருக்கு உடனடியாக உதவக் கூடியது இரண்டு. வீட்டில் யாருக்காவது சிறுநீரகம் கெட ஆரம்பித்திருந்தால், இப்போதிலிருந்தே ஊசி, ரத்தம் எடுப்பது, டிரிப் எல்லாம் புறங்கையில் மட்டும் போடச் சொல்லுங்கள். அதிகம் பழகாத கையில், முழங்கைக்குக் கீழே யாரையும் குத்த விடாதீர்கள். பின்னால் ஃபிஸ்டுலாவுக்கு அந்தச் சிரைதான் வேண்டும். இன்னொன்று, வீட்டுக்கு வந்த பிறகு ஊசி போட்ட இடத்தில் ரத்தம் பீறிட்டால் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடாதீர்கள், உள்ளே வழிந்துகொண்டே இருப்பது தெரியாது. ரத்தம் வரும் அந்தப் புள்ளியில் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, கையைத் தூக்கி, படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். புடைப்பு பளபளப்பாகி மேல்தோல் மெலிந்தாலோ, அதில் பொருக்கு தட்டினாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தக் கிளினிக் பெண்ணை இப்போதும் தெருவில் பார்க்கிறேன். சின்னப் பெண். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் ஒரு அட்டையில் 'இந்தக் கையில் பி.பி., ஊசி கூடாது' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி அத்தையின் பர்சில் வைத்திருக்கிறேன். அந்த அட்டையை ஜெராக்ஸ் எடுத்து அவளிடமும் ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

வடுமாங்காய் ஜாடியை எதிர் வீட்டுக்குக் கொடுத்து விட்டேன். எதிர் வீட்டுக்கே போய் அத்தை ஒரு நாள் சாப்பிட்டு விட்டு வந்தார் என்பது வேறு கதை. அன்றைக்கும் சண்டை போட்டோம். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கையை நீட்டிக்கொண்டு அவரே என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேசவில்லை. நானும் பேசாமல் விரலை வைத்துப் பார்த்தேன். மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

நாளை வெள்ளிக்கிழமை. அஞ்சரைக்கு ஆட்டோ வரும், இட்லி மாவு எடுத்து வெளியே வைக்க வேண்டும்.

- ஒரு வாசகி,
மந்தைவெளி, சென்னை - 28.